கைக்கணக்குக்கு ஒரு கண்ணு விலை

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை. ஆணி அதிகம். நீங்கல்லாம் ஆபீஸ்ல புடுங்குற ஆணின்னு நெனச்சிக்காதீங்க, நமக்கு நெசமாவே போல்ட்டு, நட்டு, ஸ்டட்டு. மழை விட்டதும் மண்ணு வேலைக்குப் போற மிஷினுங்க எல்லாம் ஒண்ணா பட்டறைக்கு வந்து நிக்கும். ராத்திரி வீட்டுக்குப் போனா சோத்துல கூட கிரீஸ் வாசம். இதுல எங்க எழுதறது. பதிவு எழுதற பழைய ஆளுங்க பாதிப்பேரு முகநூல், யூடியூப்னு போயிட்டாங்க, மிச்சம் இருக்கிற நாலு பேரைத்தான் படிச்சிக்கிட்டு கம்முனு இருந்தேன்.

போன வாரம் அந்த நாலு பேர்ல ஒருத்தர் எழுதின இடுகையைப் படிச்சேன். அதுக்கப்புறம் கம்முனு இருக்க முடியலை. பேரு சொல்லப் போறதில்லை. நல்ல மனுஷன், நல்லா எழுதறவர். சண்டை அவரோட இல்லை. அவர் எழுதினதைப் படிச்சிட்டு "அருமை", "கண் கலங்கிட்டேன்"னு போட்டீங்க பாருங்க, உங்க எல்லாரோடயும்தான்.

அவர் எழுதினது இதுதான். ஒரு கல்யாணத்துக்குத் தருமபுரி வந்திருக்காரு. சேலம் ரோட்டுல டீ குடிக்க நின்ன எடத்துல பக்கத்துல ஒரு லாரி பட்டறை. ஒரு கண்ணு இல்லாத பெரியவர் லாரி ஹப்பை மாட்டிக்கிட்டு இருக்காரு. நட்டை இறுக்கறாரு, இருக்கிற இன்னொரு கண்ணையும் மூடிக்கிறாரு, சக்கரத்தைக் கையால ஒரு சுத்து சுத்தி விரலாலயே உணர்ந்து பாத்து "போதும்"ங்கறாரு. அவ்வளவுதான், வேலை முடிஞ்சுது. நம்ம பதிவர் உருகிட்டாரு. லட்ச ரூபா கருவி சொல்றதை இவர் விரல் சொல்லுது, புத்தகம் படிச்ச இஞ்சினியருக்கு ஒண்ணும் தெரியாது, இது நம்ம மண்ணோட அறிவு, ஒற்றைக் கண் சித்தர், அப்படி இப்படின்னு ரெண்டு பக்கத்துக்கு ஜல்லி. (எங்க ஊர்ல ஜல்லிக்குப் பஞ்சமில்லை, குவாரி நெறைய.)

அந்தப் பெரியவரை எனக்குத் தெரியும். அவர்தான் என் மேஸ்திரி. பத்தாவது முடிச்சிட்டு பதினாறு வயசுல அவர்கிட்ட ஸ்பேனர் எடுத்துக் குடுக்கப் போனவன் நான். அந்தக் கண்ணு போன அன்னிக்கு ஹப்பைக் காலால மிதிச்சிப் புடிச்சிக்கிட்டு நின்னது நான்தான்.

எப்படிப் போச்சுன்னு சொல்றேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கங்க. அதுக்கு முன்னாடி அந்த ஆக்ஸிலைப் பத்தி தெரியணும், இல்லன்னா புரியாது.

சாதாரண லாரியில முன் ஆக்ஸில் திரும்பும், இழுக்காது. பின் ஆக்ஸில் இழுக்கும், திரும்பாது. ரெண்டு வேலையும் ஒண்ணே செய்யற ஆக்ஸிலை எங்க ஊர்ல மூணு எடத்துல பாக்கலாம். நாலு சக்கரமும் இழுக்கற டிராக்டர். குவாரியிலயும் ஏரி தூர் வார்ற எடத்துலயும் ஓடற மஞ்ச மிஷின் (எந்தக் கம்பெனிக்காரன் செஞ்சிருந்தாலும் நமக்கு எல்லாமே ஜேசிபிதான்), அதுல நாலு சக்கர இழுவை இருக்கிற மாடல். அப்புறம் ராணுவம் ஏலத்துல கழிச்சி விட்ட லாரி. ஜெர்மனியோட மேன் கம்பெனி உரிமத்துல ஜபல்பூர்ல செஞ்சாங்களே சக்திமான், அந்த மாதிரி வண்டிங்களை ஏலத்துல எடுத்து முதுகுல கிரேன் கட்டி ரெக்கவரி வண்டியா ஓட்டுவாங்க. கவுந்த லாரியை இழுக்க முன்சக்கரமும் இழுக்கற வண்டி இருந்தா அது தனி பலம்.

தொப்பூர் கணவாய் இருக்கிற ஊர்ல ரெக்கவரி வண்டிக்கு வேலை இல்லாம போகாது.

இந்த ஆக்ஸில்ல என்ன கஷ்டம்னா, சக்கரம் கிங்பின்னுல திரும்பிக்கிட்டே இருக்கும், உள்ள இருந்து வர்ற ஷாஃப்ட்டு அதைச் சுத்திக்கிட்டும் இருக்கணும். அதனால திரும்பற எடத்துல ஷாஃப்ட்டை ரெண்டா வெட்டி நடுவுல ஒரு ஜாயின்ட் வைக்கணும். சாதாரண சிலுவை ஜாயின்ட்டை வெச்சா, 30 டிகிரி திருப்பும்போது ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் ஏறி இறங்கும். குறையறப்ப 13 சதவீதம், கூடறப்ப 15 சதவீதம். ஸ்டீயரிங் கையில உதைக்கும், டயர் தேயும். அதைத் தீக்கத்தான் 1920களில் ரெசெப்பாங்கறவர் ஆறு குண்டு வெச்ச ஜாயின்ட்டைக் கண்டுபிடிச்சாரு. அதே காலத்துல பிரான்ஸ்ல கிரெகுவார்ங்கறவர் வேற மாதிரி ஒண்ணு. இன்னிக்கு உங்க காருக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ரப்பர் பூட்டுக்குள்ள இருக்கறது ரெசெப்பா வழியில வந்ததுதான். வளையும்போது டக் டக் டக்னு சத்தம் வந்தா மெக்கானிக் "ஜாயின்ட் போச்சு சார்"னு சொல்றாரே, அந்த ஜாயின்ட்.

சக்கரம் சுத்தறது ஹப்புல. ஹப்பு உக்காந்திருக்கறது உள்ள ஓட்டை போட்ட ஒரு ஸ்பிண்டில் மேல, ரெண்டு டேப்பர் ரோலர் பேரிங்குல. ஓட்டை வழியா ஷாஃப்ட்டு வெளிய வந்து, மூடி மாதிரி இருக்கிற ஃப்ளாஞ்சு வழியா ஹப்பைச் சுத்தும். டேப்பர் ரோலர் பேரிங் ஒண்ணும் புதுசு இல்லை, ஹென்றி டிம்கன் 1898ல அதுக்குப் பேட்டன்ட் வாங்கினாரு. குதிரை வண்டி செஞ்சவர் அவரு. வண்டியோட பாரத்தையும், வளையும்போது பக்கவாட்டுல வர்ற தள்ளையும் ஒரே பேரிங் தாங்கும். ஆனா ஒரு கண்டிஷன். அதை எவ்வளவு இறுக்கறோம்ங்கறதுலதான் அதோட ஆயுசு. ரொம்ப இறுக்கினா சூடாயி நீலம் பூத்துடும். லூஸா விட்டா ஹப்பு ஆடி ஆயில் சீலைத் தின்னுடும்.

சரி, இப்ப அன்னிக்கு நடந்தது. 1997. இடது பக்க முன்ஹப்புல கர்ர்னு சத்தம்னு ஒரு ரெக்கவரி வண்டி வந்துது. ஓனருக்கு அவசரம், சாயங்காலத்துக்குள்ள வேணுமாம், எங்கயோ வண்டி கவுந்து கெடக்குது, வேற கிரேன்காரன் போயிட்டா வாடகை போச்சு. மேஸ்திரி சரின்னுட்டாரு. அவர் எதுக்குமே முடியாதுன்னு சொல்ல மாட்டாரு, அதுதான் அவர் பெருமை.

எப்படிக் கழட்டணும்னு இப்ப எனக்குத் தெரியும். சமதளத்துல நிறுத்தி மத்த சக்கரங்களுக்குக் கட்டை போடணும். தரையில இருக்கும்போதே வீல் நட்டை இளக்கணும். பழைய வண்டிங்க பலதுல இடது பக்கம் மரை எதிர்ப்பக்கமா இருக்கும், தெரியாம மல்லுக்கட்டி ஸ்டட்டை முறிச்சவன் கோடி. ஜாக்கியில தூக்கினதும் ஆக்ஸிலுக்கு அடியில ஸ்டாண்டு குடுக்கணும், ஜாக்கிங்கறது தூக்கறதுக்கு மட்டும்தான், தாங்கறதுக்கு ஸ்டாண்டு. நாங்க குடுத்தது ஒரு ஸ்லீப்பர் கட்டையும் நாலு செங்கல்லும். செங்கல் நொறுங்கினா எச்சரிக்கை எல்லாம் குடுக்காது. அன்னிக்கு அது நொறுங்கலை, அது எங்க அதிர்ஷ்டம்.

ஃப்ளாஞ்சு போல்ட்டுகளைக் கழட்டினா ஃப்ளாஞ்சு தானா வராது, கேஸ்கெட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுலயே மரை போட்ட ஓட்டை ரெண்டு பெரும்பாலும் இருக்கும், அதுல போல்ட்டைப் போட்டு மாத்தி மாத்தி இறுக்கினா அதுவா வெளிய வந்துடும். அந்த ஓட்டை எதுக்குன்னே எனக்கு ஆறு வருஷம் தெரியாது. கிரீஸும் மண்ணும் அடைச்சி ஓட்டை இருக்கறதே தெரியாம கெடக்கும். நாங்க ரெண்டு முகத்துக்கும் நடுவுல உளியை வெச்சி அடிப்போம். வந்துடும். முகத்துல உளி வெட்டு விழும், அப்புறம் எத்தனை பேஸ்ட்டு தடவினாலும் அந்த வெட்டு வழியா ஒழுகும்.

அடுத்து லாக் நட்டு. பூட்டு வாஷரோட காதை நிமித்திட்டு பெரிய பாக்ஸ் ஸ்பேனர் போட்டுக் கழட்டணும். பாக்ஸ் ஸ்பேனர் எங்ககிட்ட இல்லை. தருமபுரியில இருந்து சேலம் வரைக்கும் ரோட்டோரம் நான் பாத்த பட்டறைங்கள்ல பாதிக்கு மேல இருந்ததில்லை. உளியும் சுத்தியும்தான். நட்டோட ஓரத்துல உளியை வெச்சி டங்கு டங்குனு சுத்திவிடறது. நட்டுல உளி தின்ன தூள் எங்க போகும்? நேரா பேரிங்குக்குள்ள. பழைய பேரிங் போச்சுன்னு புதுசு மாட்டுவோம், அந்தத் தூளோடயே மாட்டுவோம்.

ஹப்பை வெளிய இழுத்தாச்சு. உள்பேரிங் சிதைஞ்சி போயிருந்தது. பேரிங் மாத்தறதுன்னா உருளை இருக்கிற கோனை மட்டும் மாத்தினா பத்தாது, ஹப்புக்குள்ள இறுக்கமா உக்காந்திருக்கிற வெளிவளையம், நாங்க கப்புன்னு சொல்லுவோம், அதையும் மாத்தணும். ரெண்டும் ஜோடி. அந்தக் கப்பைத் தட்டி வெளிய எடுக்கணும்.

இங்கதான் விஷயம். அந்தக் கப்பு கண்ணாடி மாதிரி கெட்டியான எஃகு. கெட்டியான எஃகை இன்னொரு கெட்டியான எஃகால அடிச்சா அது வளையாது, சில்லு தெறிக்கும். பித்தளைக் கம்பியோ மெது இரும்போ வெச்சித் தட்டணும், இல்லன்னா பிரஸ்ஸுல வெச்சித் தள்ளணும். முகத்துல கண்ணாடி இருக்கணும். எங்ககிட்ட பித்தளைக் கம்பி இருந்துது, ஓனர் அதை எடைக்குப் போட்டு ரெண்டு மாசம் ஆயிருந்தது. மேஸ்திரி பழைய ஷாஃப்ட்டு துண்டு ஒண்ணை எடுத்தாரு. நான் ஹப்பை மிதிச்சிப் புடிச்சேன். "நல்லா புடிடா தம்பி"ன்னாரு. மூணாவது அடியில டிங்னு ஒரு சத்தம். சின்ன சத்தம். அவர் சுத்தியைக் கீழ வெச்சிட்டு உக்காந்துட்டாரு. கையை எடுத்தப்ப விரல் இடுக்குல ரத்தம்.

சேலத்துக்குக் கொண்டு போனோம். கண்ணைக் காப்பாத்த முடியலை. உளுந்துல பாதி இருக்கும் அந்த சில்லு.

பதிவர் நண்பர் இன்னொண்ணும் எழுதியிருக்காரு, இன்னொரு கண்ணையும் மூடிக்கிட்டு விரலால உணர்ந்தாருன்னு. அது தவம் இல்லைங்க. ஒரு கண்ணு போனா தூரம் கணக்கு தெரியாது. சுத்தி எங்க விழும்னு தெரியாம ஒரு வருஷம் தன் விரலைத் தானே அடிச்சிக்கிட்டாரு மேஸ்திரி. இடது கை பெருவிரல் நகம் மூணு தடவை கழண்டு விழுந்துது. பார்வையை நம்பினா ஏமாத்துதுன்னு விரலை நம்பப் பழகினாரு. நீங்க பாத்து உருகினது அந்தப் பழக்கத்தை.

இப்ப நேர்மையா ஒண்ணு சொல்லணும். கைப்பக்குவம்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு நான் சொன்னா அது பொய். ஸ்குரூ டிரைவரைக் காதுல வெச்சி எந்தப் பேரிங் போச்சுன்னு மேஸ்திரி சொன்னா சரியா இருக்கும். டிரம்மைத் தொட்டுப் பாத்து எந்தச் சக்கரத்துல பிரேக் புடிச்சிக்கிட்டு ஓடியிருக்குன்னு சொல்லுவாரு. கம்பெனிக்காரன் புத்தகத்துலயே ஹப்பைச் சுத்திக்கிட்டே நட்டை இறுக்குன்னுதான் எழுதியிருக்கான், உருளைங்க ஒழுங்கா உக்காரணும்னு. அதையும் யாரோ ஒரு மேஸ்திரி கையால செஞ்சி பாத்துத்தான் எழுதியிருப்பான். பத்துக்கு ஒம்போது ஹப்பு அவர் கையில சரியா வந்து நிக்கும். பத்தாவதுதான் பிரச்சனை. அந்தப் பத்தாவது எந்த வண்டியிலன்னு அவருக்கும் தெரியாது, ஓட்டறவனுக்கும் தெரியாது.

லாரி ஹப்புக்குப் பொதுவா சொல்ற ஆட்டம் 0.025 மில்லிமீட்டர்ல இருந்து 0.125 வரைக்கும். ஒரு தலைமுடி கனத்தை நடுவுல வெச்சிக்கங்க, அதுக்குக் கொஞ்சம் கீழ, கொஞ்சம் மேல. சில ஆக்ஸிலுக்கு ஆட்டமே கூடாது. ஹப்புல கயிறு சுத்தி தராசைக் கட்டி இழுத்தா இத்தனை கிலோவுல உருள ஆரம்பிக்கணும்னு கணக்கு வெச்சிருப்பான், முக்கியமா மஞ்ச மிஷின் மாதிரி ஹப்புக்குள்ளயே பல்சக்கரம் வெச்சிருக்கிற ஆக்ஸிலுக்கு. அந்த ரெண்டு வகைக்கும் விரல்ல தெரியற வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். காலையில டீ குடிச்ச கைக்கும் சாயங்காலம் களைச்ச கைக்கும் இருக்கிற வித்தியாசம் அதை விட ஜாஸ்தி.

அந்த ஆட்டம் தப்பினா என்ன ஆகும்? சீல் போகும். சீல் போனா கிரீஸு டிரம்முக்குள்ள போகும். பின் ஆக்ஸிலா இருந்தா கிரவுன்ல இருக்கிற கியர் ஆயில் ஷாஃப்ட்டு வழியா வந்து லைனர் மேல படியும். எண்ணெய் படிஞ்ச லைனர் புடிக்காது. ஒரு சக்கரம் புடிக்கலைன்னா மத்த சக்கரங்க சேத்துப் புடிக்கணும், அதுங்க சூடாகும், சூடான டிரம்மு விரியும், அதுங்களும் புடிக்காது. சமவெளியில இது ஒண்ணும் தெரியாது. தருமபுரியில இருந்து சேலம் போற 44ஆம் நம்பர் நெடுஞ்சாலையில பாளையம் டோல்கேட் தாண்டி தொப்பூர் இறக்கம் ஆரம்பிக்குது பாருங்க, அங்க தெரியும்.

2020 டிசம்பர் 12. சிமென்ட் லாரி ஒண்ணு அந்த இறக்கத்துல கட்டுப்பாடு இழந்து வரிசையா நின்ன பத்துப் பன்னெண்டு வண்டிக்கு மேல இடிச்சிது. நாலு பேர் செத்தாங்க. 2024 ஜனவரி 24. பாலத்துல லாரிங்களுக்கு நடுவுல கார் மாட்டி தீப்புடிச்சி மறுபடி நாலு பேர். அந்த விபத்துங்களுக்கு ஹப்புதான் காரணம்னு நான் சொல்ல வரலை, அந்த வண்டிங்களை நான் கழட்டிப் பாக்கலை. நான் சொல்றது அதுக்கப்புறம் நாம எழுதறதைப் பத்தி. ஒவ்வொரு தடவையும் ஒரே பாட்டு: டிரைவர் டீசலை மிச்சம் புடிக்க நியூட்ரல்ல விட்டான், குடிச்சிருந்தான், தூங்கிட்டான். நியூட்ரல்ல விடறவன் இருக்கான், மறுக்கலை, அது தற்கொலைதான். ஆனா சரியான கியர்ல இறங்கி பிரேக்கை மிதிச்சும் புடிக்காதவனும் இருக்கான். அவன் செத்துடறான், அதனால அவன் பக்கத்தைச் சொல்ல ஆளில்லை. பேப்பர்ல "பிரேக் பிடிக்காததால்"னு ஒரு வார்த்தை வரும். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாடி எந்தப் பட்டறையில எந்த உளி எந்த நட்டை எப்ப இறுக்குச்சுன்னு யாரும் கேக்கறதில்லை.

இறக்கத்துல செத்தவனைத் திட்டறோம். மேட்டுல உளியால ஹப்பை இறுக்கறவரைச் சித்தர்ங்கறோம். ரெண்டும் ஒரே பதிவர்கள்தான் எழுதறாங்க, நான் தேதியோட காட்டறேன் வேணும்னா.

ஒரே ஒரு கேள்வி. உங்க காரை அவர்கிட்ட விடுவீங்களா? உங்க பொண்டாட்டி புள்ளைங்களோட ஏற்காடு போற காரு. விட மாட்டீங்க. ஏசி போட்ட ஷோரூம்ல விட்டுட்டு, காபி குடிச்சிக்கிட்டு கண்ணாடி வழியா பாத்துக்கிட்டு, எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்கினான்னு பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கிட்டுத்தான் வருவீங்க. தப்பே இல்லை, நானும் அப்படித்தான் செய்யணும்ங்கறேன். ஆனா லாரிக்காரனுக்கு மட்டும் ஏன் மண்ணோட அறிவு?

நான் 2001ல வளைகுடாவுக்குப் போனேன். ஒரு கம்பெனி ஒர்க்‌ஷாப், ஆறு சக்கரமும் இழுக்கற லாரிங்க. மொத நாள் கண்ணாடி இல்லாம ஹப்புகிட்ட போனேன், ஃபோர்மேன் ஒரு வார்த்தை பேசாம கேட்டைக் காட்டினான். அந்த நாள் சம்பளம் கட்டு. எங்க மேல பாசத்துல இல்லைங்க, கண்ணு போனா நஷ்ட ஈடு குடுக்கணும்ங்கற பயம் அவனுக்கு. எனக்கு அது போதும். பயந்தவன்கிட்ட வேலை செஞ்சா கண்ணு மிஞ்சுது. பாசமா இருந்த எடத்துல மிஞ்சலை.

அங்கதான் மொதல் தடவையா ஷிம்மைக் கம்பியில கோத்து "மேல் இடது", "கீழ் இடது"ன்னு சீட்டு கட்டி வைக்கறதைப் பாத்தேன். கிங்பின் மூடிக்கு அடியில தகடு தகடா இருக்குமே, அந்த ஷிம்முதான் சக்கரம் திரும்பற மையத்தையும் இறுக்கத்தையும் முடிவு பண்ணுது. மேஸ்திரி பட்டறையில எல்லாத்தையும் ஒரே டீசல் டப்பாவுல போடுவோம். மாட்டும்போது கையில வர்றதை வெப்போம். ஷாஃப்ட்டை நேரா உருவணும், சாய்ச்சா உள்சீலோட உதடு கிழியும்னும் அங்கதான் தெரிஞ்சிக்கிட்டேன். டை ராடு முனையை சம்மட்டியால அடிச்சி விழ வெக்கக் கூடாது, அதுக்குன்னு புல்லர் இருக்குன்னும்.

இதெல்லாம் ரகசியமே இல்லை. புத்தகத்துல இருக்கு. புத்தகம் இங்கிலீஷ்ல இருக்கு. இத்தனை வருஷத்துல என் கைக்கு வந்த வண்டி ஒண்ணுக்குக் கூட தமிழ்ல ஒர்க்‌ஷாப் மேனுவல் நான் பாத்ததில்லை. தமிழ்நாட்டுல ஓடற வண்டி, தமிழன் ஓட்டறான், தமிழன் கழட்டறான். ஹப்பு நட்டை எவ்வளவு இறுக்கணும்ங்கற ஒரு வரி மட்டும் அவனுக்குப் புரியற பாஷையில இல்லை. ஏட்டுச் சுரைக்காய்னு நக்கல் பண்றீங்களே, எங்க ஆளுங்களுக்கு அந்த ஏடே குடுக்கலைங்க. குடுத்துட்டு அப்புறம் நக்கல் பண்ணுங்க.

எழுதத் தெரிஞ்ச நாம என்ன பண்ணோம்? கவிதை எழுதினோம், சினிமா விமர்சனம் எழுதினோம், கும்மியடிச்சோம். நானும்தான். என் பழைய இடுகைங்களைப் பாத்தா எனக்கே சிரிப்பு வருது. சொல்லாக்கம்னு ஒரு கோஷ்டி வருஷக்கணக்கா அடிச்சிக்கிச்சு, ஆக்ஸிலுக்கு அச்சுன்னு சொல்றதா இருசுன்னு சொல்றதான்னு. பட்டறையில ஆட்டம்னு சொல்றான், தள்ளுன்னு சொல்றான், காது நிமித்துங்கறான், கப்பு, கோன், சிம்முங்கறான். சொல்லு இருக்கு சாமி. அளவுதான் இல்லை.

போன மாசம் மேஸ்திரி என் பட்டறைக்கு வந்தாரு. அதியமான்கோட்டைப் பக்கம் எதுக்கோ வந்தவர், டீ குடிக்க உக்காந்தாரு. ஒரு டிப்பரோட முன்ஹப்பு ரெண்டும் கழட்டிக் கெடந்தது. "நான் ஒண்ணு மாட்டட்டாடா?"ன்னாரு. "கண்ணாடி போட்டுக்கிட்டா மாட்டுங்க மேஸ்திரி"ன்னேன். மொறைச்சிட்டு போட்டுக்கிட்டாரு. வலது ஹப்பை மாட்டி, கண்ணை மூடி, சுத்தி, "போதும்"ன்னாரு. நான் டயல் கேஜை வெச்சிப் பாத்தேன். 0.08. அப்படியே நடு சென்டர். பட்டறைப் பசங்க கை தட்டினாங்க. அவர் முகத்துல ஒரு சிரிப்பு வந்துது பாருங்க, அந்தச் சிரிப்பை மட்டும் நம்ம பதிவர் பாத்திருந்தா இன்னும் ரெண்டு பக்கம் எழுதியிருப்பாரு.

இடதையும் மாட்டினாரு. அதே மாதிரி கண்ணை மூடி, அதே "போதும்." கேஜ்ல 0.30 காட்டிச்சு.

யாரும் ஒண்ணும் பேசலை. அவர் குனிஞ்சி அந்த முள்ளை ரொம்ப நேரம் பாத்தாரு, இருக்கிற கண்ணை கேஜுகிட்ட கொண்டு போயி. ஹப்பை அவரே புடிச்சி ஆட்டிப் பாத்தாரு, முள்ளு போயிட்டு வர்றதைப் பாத்தாரு. நட்டைக் கொஞ்சம் இறுக்கி மறுபடி பாத்தாரு. மூணாவது தடவையில 0.10க்கு வந்துது. அப்புறம் கண்ணாடியைக் கழட்டாமலே கேட்டாரு:

"இது என்ன வெல இருக்கும்டா?"

சொன்னேன். "எங்க ஓனர்கிட்ட கேக்கறேன்"ன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு. ஓனர் இன்னும் வாங்கித் தரலையாம். சேலம் ரோட்டுல அந்த டீக்கடைக்குப் பக்கத்துல அவர் இன்னும் விரலாலதான் மாட்டிக்கிட்டு இருக்காரு. நீங்க அடுத்த தடவை போனா, போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஓனர் எங்க உக்காந்திருக்காருன்னு விசாரிச்சிட்டுப் போய் ரெண்டு வார்த்தை கேளுங்க. பெரிய மீசை வெச்சிருப்பாரு, நீங்க பேன்ட் சட்டைக்காரங்க, உங்களுக்கு நாற்காலி போடுவாரு.

என் பட்டறைச் சுவத்துல முன் ஆக்ஸில் கழட்டற வரிசையைத் தமிழ்ல எழுதி வெச்சிருக்கேன், பதினேழு படி, பசங்களுக்காக. தட்டச்சு பண்ணிக்கிட்டு இருக்கேன், கிங்பின் வரைக்கும் வந்திருக்கு. அடுத்த இடுகையில போடறேன். தப்பு இருந்தா, வேற மாடல் கழட்டினவங்க யாராவது இருந்தா, பின்னூட்டத்துல அளவோட சொல்லுங்க. "அருமை"ன்னு மட்டும் போடறவங்க தயவு செஞ்சி வேற கடை பாக்கவும் :)

டிஸ்கி: மேல சொன்ன அளவுங்க பொதுவானது. உங்க வண்டிக்கு உங்க மேனுவல்ல என்ன போட்டிருக்கானோ அதுதான் கணக்கு. இங்கிலீஷ் புரியலைன்னா அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க. நாளைக்கு ஒரு மஞ்ச மிஷின் முன் ஆக்ஸில் வருது, அதை முடிச்சிட்டு பதில் போடறேன்.